நாற்றம் அடிப்பதைப் பிடுங்கு

மே 18

தங்கச்சிக்கு,

பதினொரு மாதம் கழித்து எழுதுகிறேன். நலம் விசாரிக்க எழுதவில்லை என்பது உனக்கே தெரியும். அதனால் அந்த மரியாதையெல்லாம் வேண்டாம்.

செடி நர்சரியில் எனக்கு வீடு கொடுத்துவிட்டார்கள். இரண்டு அறை, தனிக் குழாய், கதவுக்கு உள்தாழ்ப்பாள். மூன்று வருடம் ஐந்து பெண்களோடு ஒரே கூடத்தில் படுத்து எழுந்தேன். அந்தக் கூடத்தில் ஒரு பிள்ளையை வைத்துக்கொள்ள முடியாது என்றுதான் பொடிசை உன்னிடம் விட்டேன். விட்டேன், கொடுக்கவில்லை. இதை நீ மறந்துவிட்டாய்.

போன வருடம் ஒரு வாரத்துக்கு மட்டும் அழைத்துப் போக வந்தபோது அவள் குளியலறைக்குள் ஓடித் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டாள். நீ வெளியே நின்று, "பாத்தியா, அவளுக்கே வர இஷ்டம் இல்ல" என்றாய். பெற்றவளிடம் சொல்கிற பேச்சா அது? "உனக்குன்னு ஒண்ணு பொறந்திருந்தா தெரியும்" என்று நான் சொன்னது தப்புதான். ஆனால் என்னை அப்படிச் சொல்ல வைத்தது நீ.

செப்டம்பர் விடுமுறையில் வந்து அழைத்துப் போகிறேன். இங்கே பள்ளிக்கூடத்தில் பேசிவிட்டேன். ஒன்பது வயதுப் பிள்ளைக்குப் புரியாதது ஒன்றும் இல்லை. இப்போதிருந்தே சொல்லி வை. போன் செய்ய மாட்டேன். உன் மருந்துக் கடைக்குப் போன் செய்தால் நாம் கத்துவதை மாத்திரை வாங்க வந்தவர்கள் எல்லாரும் நின்று கேட்கிறார்கள்.

அக்கா


ஜூன் 15

அக்காவுக்கு,

மூன்று முறை பதில் எழுதிக் கிழித்துப் போட்டேன். இது நான்காவது. இதையும் கிழிப்பதற்குள் தபாலில் போட்டுவிடப் போகிறேன்.

"விட்டேன், கொடுக்கவில்லை" என்று எழுதியிருக்கிறாய். பஸ்ஸில் குடையை விட்டவர்கள்கூட மறுநாளே வந்து கேட்பார்கள். சரி, அது போகட்டும்.

சொல்லச் சொன்னாய், சொன்னேன். பொடிசு அன்று சாப்பிடாமல் படுத்துவிட்டாள். மறுநாள் காலையில், "அம்மா பூச்செடிதானே வளக்குறா? அத இங்க வந்து வளக்கச் சொல்லேன்" என்றாள். அம்மாவுக்கு அங்கேதான் வேலை என்றேன். "அப்ப நாமளே வளப்போம்" என்று சமையலறைக் கரண்டியை எடுத்துக்கொண்டு போய்ப் பின்கட்டு சிமென்ட் தரையைச் சுரண்ட ஆரம்பித்தாள். கரண்டி வளைந்துவிட்டது. தரைக்கு ஒன்றும் ஆகவில்லை.

என் வீட்டுக்காரர் பணிமனையிலிருந்து கடப்பாரை கொண்டுவந்து இரண்டு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து உடைத்தார். சிமென்டுக்குக் கீழே மண் இருக்கும் என்று நினைத்தோம். உடைந்த செங்கல், கம்பித் துண்டு, ஒற்றைச் செருப்பு, இவைதான் இருந்தன. பின்னாலிருக்கும் காலி மனையிலிருந்து எட்டு மூட்டை மண் அள்ளிக் கொட்டினோம். செண்டுப்பூ விதை வாங்கினேன், பாக்கெட்டில் ஆரஞ்சு நிறத்தில் இத்தனை பெரிய பூ போட்டிருந்தது. விரல் ஆழத்துக்குக் குழி தோண்டிப் போட்டு, குழாயைத் திறந்துவிட்டோம். ஒன்றும் வரவில்லை. இப்போது இரண்டாவது பாக்கெட் வாங்கி வைத்திருக்கிறேன். நான் வாழ்நாளில் ஒரு தொட்டிச் செடிகூட வைத்தவள் இல்லை என்பது உனக்குத் தெரியும். எவ்வளவு ஆழத்தில் போடுவது, எப்படித் தண்ணீர் விடுவது என்று மட்டும் எழுது.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். பூ வர இரண்டு மாதத்துக்கு மேல் ஆகுமாம். "பூத்தப்புறம் போறேன் சித்தி" என்கிறாள். நெஞ்சில் கை வைத்துச் சொல்கிறேன், நான் சொல்லிக் கொடுத்தது இல்லை.

தங்கை


ஜூன் 24

தங்கச்சிக்கு,

நெஞ்சில் எல்லாம் கை வைக்க வேண்டாம். உன்னை எனக்கு நீ பிறந்ததிலிருந்து தெரியும்.

"பூத்தப்புறம் போறேன்." பூத்த பிறகு? செண்டு பூக்க ஆரம்பித்தால் மூன்று மாதம் ஓயாமல் பூக்கும். அப்புறம் விதை எடுக்க வேண்டும், அப்புறம் அந்த விதையைப் போட வேண்டும். நான் பூவோடு வேலை செய்கிறவள், எனக்கே கதை சொல்கிறாயா? பிள்ளையைக் கட்டிப் போடக் கயிறு கிடைக்கவில்லை, செடியைக் காட்டிக் கட்டிப் போடுகிறாய்.

ஒரு நாளைக்கு எண்ணூறு நாற்றுகளைத் தட்டிலிருந்து தொட்டிக்கு மாற்றுகிறேன். நகத்துக்குள் போன மண் மூன்று வருடமாக வெளியே வரவில்லை. எல்லாம் யார் யார் வீட்டு வாசலுக்கோ வண்டியேறிப் போகிறது. என் மகளுக்கு நான் ஒரு செடி நட்டுக் கொடுத்தது கிடையாது. அதையும் நீயே செய்கிறாய். கடிதத்தைப் படித்துவிட்டு, கொட்டகையில் தொட்டிகளுக்கு நடுவில் உட்கார்ந்து அழுதேன். பொறாமைதான். மறைக்க என்ன இருக்கிறது?

கேட்டதற்குப் பதில் சொல்கிறேன். விதையை ஆழத்தில் புதைக்காதே. மேலே தூவி, விதை மறைகிற அளவுக்கு மட்டும் மண் தூவு. குழாயைத் திறந்துவிடாமல் கையில் எடுத்துத் தெளி. ஒரு வாரத்தில் முளைக்கும்.

செப்டம்பரில் வருவேன். பூத்தாலும் வருவேன், பூக்காவிட்டாலும் வருவேன்.

அக்கா


ஜூலை 16

அக்காவுக்கு,

நீ சொன்னபடி தூவினோம். ஆறாவது நாள் முளைத்தது. பொடிசு பள்ளிக்கூடம் போகாமல் அங்கேயே குத்துக்காலிட்டு உட்கார்ந்துவிட்டாள், தூக்கிக்கொண்டுதான் போய் விட்டேன்.

ஆனால் இரண்டு விதமாக முளைத்திருக்கிறது. இரண்டிலிருந்தும் ஓர் இலை பறித்து, கடைப் பிளாஸ்திரியால் இந்தத் தாளில் ஒட்டியிருக்கிறேன். ஒன்று என்று எழுதியிருப்பது வெளிறிய பச்சை, மேலே பூனை முடி மாதிரி இருக்கிறது, வெட்டு வெட்டான இலை. தளதளவென்று வளர்கிறது. கசக்கினால் பெரிதாக வாசனை இல்லை. இரண்டு என்று எழுதியிருப்பது கரும்பச்சை, காம்பின் இரண்டு பக்கமும் குட்டிக் குட்டி இலை. இதைக் கசக்கினால் ஒரு நாற்றம் அடிக்கிறது பார், பொடிசு மூக்கைப் பிடித்துக்கொண்டு ஓடினாள். "பூச்செடின்னா இப்படியா நாறும்? இதான் களை" என்கிறார் என் வீட்டுக்காரர். அவருக்கு டீசல் வாசனை தவிர வேறு தெரியாது. எனக்கும் தெரியவில்லை. எதை வைப்பது, எதைப் பிடுங்குவது என்று நீ எழுது. உன் கடிதத்தை டாக்டர் சீட்டு மாதிரிதான் படிப்பேன். எழுதியிருப்பதை அப்படியே செய்வேன். பத்து வருடம் மருந்துக் கடைக் கவுன்டரில் நின்றவளுக்கு வேறு பழக்கம் வராது.

இன்னொரு விஷயம். உன்னிடம் மறைக்கலாம் என்றுதான் நினைத்தேன். பள்ளிக்கூடத்தில் "எங்கள் தோட்டம்" என்று கட்டுரை எழுதினாள். ஒரு பக்கம் முழுக்க நானும் என் சித்தியும், நானும் என் சித்தியும் என்றே இருக்கிறது. உன்னைப் பற்றி ஒரு வரியும் இல்லை. படித்தபோது எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அதற்கப்புறம் அந்தச் சந்தோஷத்தை நினைத்து வெட்கமாக இருந்தது. எதற்காக உனக்கு இதை எழுதுகிறேன் என்று தெரியவில்லை. கிழித்துவிடலாம் என்று பார்த்தால் தாளின் பின்பக்கம் இலை ஒட்டியிருக்கிறது.

தங்கை


ஜூலை 22

தங்கச்சிக்கு,

இலைகள் நசுங்காமல் வந்தன.

நாற்றம் அடிப்பதைப் பிடுங்கு. ஒன்று விடாமல் பிடுங்கு. வெளிறிய இலைதான் உன் பூச்செடி. இப்போது வாசனை இல்லையே என்று கவலைப்படாதே. அடியில் மண்ணைக் கிளறி விட்டுக்கொண்டே இரு. நுனியை அவ்வப்போது விரலால் கிள்ளி விட்டால் கிளை விட்டுப் புதராக வரும்.

கட்டுரையைப் பற்றி எழுதியதற்கு நன்றி.

அக்கா


ஆகஸ்ட் 21

அக்காவுக்கு,

பதில் எழுத நேரமே கிடைக்கவில்லை. பொடிசுக்கு உடம்பு சரியில்லை. பயப்படாதே என்று எழுத நினைத்தேன், ஆனால் எனக்கே பயமாக இருக்கிறது.

முதலில் இமை வீங்கியது. ஏதோ பூச்சி கடித்தது என்று நினைத்தேன். அப்புறம் கழுத்து, முழங்கை மடிப்பு, காது மடல், எல்லா இடமும் சிவந்து தடித்து நீர் கோத்துக்கொண்டது. சொறிந்து சொறிந்து ரத்தம் வருகிறது. கையில் என் பழைய காலுறையை மாட்டிவிட்டிருக்கிறேன். கடையில் இருக்கிற களிம்பு எல்லாம் தடவிப் பார்த்தேன். போன வாரம் மூச்சிழுப்பு வந்து ஆஸ்பத்திரியில் இரண்டு நாள் வைத்திருந்தார்கள். சாப்பாட்டில்தான் ஏதோ ஒத்துக்கொள்ளவில்லை என்று முட்டையை நிறுத்தினார்கள், பாலை நிறுத்தினார்கள். சோப்பை மாற்றினேன், தலையணையை மாற்றினேன். கொஞ்சம் இறங்குகிறது, வீட்டுக்கு வந்தால் திரும்ப ஏறுகிறது.

வீட்டில் செடி கொடி ஏதாவது உண்டா என்று டாக்டர் கேட்டார். செண்டுப்பூ என்றேன். அது ஒன்றும் செய்யாது என்றார்.

செடிகள் அவள் இடுப்பு உயரம் வந்துவிட்டன. நான் கடையிலிருந்து வர இருட்டிவிடுகிறது, தோட்டம் முழுக்க அவள் பொறுப்புதான். சாயங்காலம் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும், நீ சொன்னபடி ஒவ்வொரு செடியாக நுனியைக் கிள்ளுவாள், அடியில் மண்ணைக் கிளறுவாள். போன வாரத்துக்கு முந்தின வாரம் பூத்தது. ஆனால் ஆரஞ்சு நிறம் இல்லை. நொய்யரிசி மாதிரி வெள்ளையாகப் பொடிப் பொடியாகப் பூத்திருக்கிறது. "ஏன் வெள்ளையா இருக்கு, எப்ப பெருசாகும், அம்மாகிட்ட கேட்டு எழுது" என்று தினமும் உயிரை எடுக்கிறாள். ஜுரத்தோடு எழுந்து போய்ச் செடிக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொள்கிறாள். பதில் போடு.

தங்கை


ஆகஸ்ட் 24

தங்கச்சிக்கு,

இன்று காலையே தந்தி கொடுத்துவிட்டேன், போனில் உன் குரலைக் கேட்க எனக்குத் தைரியம் இல்லை. இந்தக் கடிதம் வருவதற்குள் நீ எல்லாவற்றையும் பிடுங்கியிருப்பாய்.

அது பார்த்தீனியம். விஷக் களை. மேலே பட்டால் தடிப்பு, பூத்தால் மூச்சிழுப்பு. காலி மனை மண்ணோடு அதன் விதை வந்திருக்கிறது. நீ பிடுங்கிப் போட்டாயே, அந்த நாற்றம் அடித்ததுதான் செண்டு. செண்டு இலை அப்படித்தான் நாறும். இந்தக் களை தெரியாமல் ஒரு நாள் நர்சரியில் வேலை செய்ய முடியாது. கையுறை போடாமல் நாங்கள் அதைத் தொட மாட்டோம். உன் தாளைப் பிரித்த அந்த நிமிடமே எனக்குத் தெரிந்தது.

தெரிந்துதான் எழுதினேன். தவறுதலாக எழுதிவிட்டேன் என்று உன்னிடம் சொல்லலாம், நீ நம்பியும் விடுவாய். இன்றைக்கு அப்படியும் ஒரு கடிதம் எழுதினேன். அதைக் கிழித்துவிட்டு இதை எழுதுகிறேன். டாக்டரிடம் இந்தப் பெயரைச் சொல், பார்த்தீனியம். வைத்தியம் மாற வேண்டும்.

அந்தக் கட்டுரையைப் படித்துவிட்டு எனக்குப் பைத்தியம் பிடித்த மாதிரி ஆகிவிட்டது. தோட்டம் வீணாகப் போகட்டும், இந்தச் சித்திக்கு ஒன்றும் தெரியவில்லை என்று அவளே சலித்துக்கொண்டு என்னோடு வரட்டும் என்று நினைத்தேன். அது மட்டுமில்லை. நுனியைக் கிள்ளச் சொன்னேன் அல்லவா? பூச்செடிக்கும் அப்படித்தான் செய்வோம், ஆனால் அதற்காக எழுதவில்லை. அதை எழுதும்போது நான் உன் கைகளைத்தான் நினைத்தேன். உன் கை அரிக்கட்டும், நீ கவுன்டரில் நின்று சொறியட்டும் என்று நினைத்தேன். கிள்ளப் போவது அவள் விரல் என்று எனக்குத் தோன்றவே இல்லை. என் மகள் என்று மூச்சுக்கு மூச்சு சொல்கிறேன், அவள் கை எனக்கு ஞாபகம் வரவில்லை.

செப்டம்பரில் நான் வரவில்லை. அவளை நீயே வைத்துக்கொள். என்ன காரணம் என்று அவளிடம் எப்படி வேண்டுமானாலும் சொல். மூச்சிழுப்பு எப்படி இருக்கிறது என்று மட்டும் ஒரு வரி எழுது.

அக்கா


செப்டம்பர் 4

அக்காவுக்கு,

தந்தி கடைக்கு வந்தது. கவுன்டரில் ஆள் நிற்கும்போதே ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு வீட்டுக்கு ஓடினேன். கையுறை, முகத்தில் துணி, எல்லாம் கட்டிக்கொண்டு நானும் என் வீட்டுக்காரரும் பிடுங்கினோம். ஜன்னலுக்கு அந்தப் பக்கம் நின்று பொடிசு கத்தின கத்து தெருமுனை வரை கேட்டது. "பிடுங்காத சித்தி, இப்பத்தான பூத்திருக்கு, பிடுங்காத." ஏழு மூட்டை. குப்பை லாரி வரும்வரை என் வீட்டுக்காரர் அதற்குக் காவல் நின்றார்.

கடிதம் ஐந்து நாள் கழித்து வந்தது. மருந்து அடுக்குகிற அறைக்குள் போய் நின்றபடியே படித்தேன். படித்துவிட்டு வெளியே வந்து ஒரு பெரியவருக்கு மாத்திரை எண்ணிக் கொடுத்தேன். எண்ணிக்கை தப்பிவிட்டது. பத்து வருடத்தில் எனக்கு அப்படி ஆனது இல்லை.

இழுப்பு குறைந்திருக்கிறது. மருந்து மாற்றிவிட்டார்கள். கழுத்தில் தழும்பு கொஞ்ச நாள் இருக்கும் என்கிறார்கள்.

அவளிடம் என்ன வேண்டுமானாலும் சொல் என்று எழுதியிருக்கிறாய். பெரிய மனசு உனக்கு. சொல்கிறேன் கேள். அது விஷச் செடி, அதனால்தான் உனக்கு இப்படி ஆனது என்று அவளிடம் சொன்னேன். "உனக்கு ஒண்ணுமே தெரியல சித்தி. அம்மா இங்க இருந்திருந்தா முளைக்கும்போதே சொல்லியிருப்பா" என்றாள். உன் கடிதம் என் கைப்பையில் இருந்தது. கைப்பை என் மடியில் இருந்தது. எடுத்துப் படித்துக் காட்ட இரண்டு நிமிடம் போதும். அதற்குப் பிறகு நீ வந்தாலும் சரி, வராவிட்டாலும் சரி, அவள் எனக்குத்தான். அது எனக்கு நன்றாகத் தெரிந்தது.

நான் காட்டவில்லை. உன் மேல் இரக்கப்பட்டு என்று நினைத்துக்கொள்ளாதே. இழுப்பு வரும்போது அவள் என்னைக் கூப்பிடுவதில்லை. மூன்று வருடம் ஊட்டினவள் பக்கத்திலேயே இருக்கிறேன், அம்மா அம்மா என்றுதான் கூப்பிடுகிறாள். மூச்சு வாங்குகிற பிள்ளையிடமிருந்து அந்த அம்மாவையும் பிடுங்க எனக்குக் கை வரவில்லை.

இப்போது அம்மாவிடம் போகணும் என்கிறாள். தினமும் கேட்கிறாள். என்னோடு பேசுவதே குறைந்துவிட்டது. தலை வாரக் கூப்பிட்டால் என் வீட்டுக்காரரிடம் போகிறாள். நீ நினைத்தது நடந்துவிட்டது அக்கா. ஒன்றுகூடத் தப்பவில்லை. வர மாட்டேன் என்று நல்லவள் வேஷம் போட வேண்டாம், வா.

பதினைந்தாம் தேதி காலை ரயில். ஸ்டேஷனுக்கு வந்தால் போதும், வீட்டுக்கு வராதே. இன்ஹேலர் காலையில் ஒரு முறை, சாயங்காலம் ஒரு முறை. இழுத்ததும் வாய் கொப்பளிக்க வேண்டும். களிம்பு மெல்லிசாக, கழுத்துக்கு மட்டும், முகத்துக்குக் கூடாது. அவளைக் களைச்செடிப் பக்கம் விடாதே. இனி வாழ்நாள் முழுக்க அவளுக்கு அது ஆகாதாம்.

ரயில் ஏறும் வரைதான் நான் வாயை மூடிக்கொண்டிருப்பேன் என்று முதலில் எழுதியிருந்தேன். அடித்துவிட்டேன். நான் எப்போதும் சொல்ல மாட்டேன். நீதான் சொல்ல வேண்டும். எப்போது சொல்வாய், எப்படிச் சொல்வாய் என்று எனக்குத் தெரியாது, ஆனால் நீ சொல்ல வேண்டும். என் பெயரைக் கெடுத்து வைத்திருக்கிறாய், அதை நீதான் சரி செய்ய வேண்டும்.

உன்னை நான் மன்னிக்கவில்லை.

தங்கை


செப்டம்பர் 27

தங்கச்சிக்கு,

பொடிசு நன்றாக இருக்கிறாள். இன்ஹேலர் இரண்டு வேளையும் நீ எழுதியபடி கொடுக்கிறேன், எதிரில் நின்று வாய் கொப்பளிக்க வைக்கிறேன். உன் கடிதத்தைச் சமையலறைச் சுவரில் ஒட்ட முடியாது, அதனால் அந்த நான்கு வரியை மட்டும் தனியாக எழுதி ஒட்டியிருக்கிறேன். இந்தப் பன்னிரண்டு நாளில் இழுப்பு ஒரு முறைதான் வந்தது.

ஸ்டேஷனில் பையை என் கையில் கொடுத்துவிட்டுத் திரும்பிப் போனாய். ரயில் கிளம்பும் வரை அவள் ஜன்னலில் உன்னைத் தேடினாள். இதை உனக்குச் சொல்ல வேண்டும் என்று தோன்றியது. பையில் அவள் உடுப்புகளை இஸ்திரி போட்டு அடுக்கியிருந்தாய். உள்ளே ஒரு சீட்டாவது இருக்கும் என்று நானும் தேடினேன்.

ரயிலிலேயே சொல்லிவிட வேண்டும் என்று இருந்தேன். எதிர் சீட்டில் ஆட்கள் இருந்தார்கள். வீட்டுக்கு வந்ததும் சொல்ல நினைத்தேன், அன்று அவள் களைத்துப்போய்த் தூங்கிவிட்டாள். பள்ளிக்கூடத்தில் சேர்த்த பிறகு, உடம்பு தேறிய பிறகு என்று தள்ளிப் போட்டேன். இப்படியே பன்னிரண்டு நாள் ஓடிவிட்டது. நீ எழுதியது தினமும் ஞாபகம் வருகிறது.

நேற்று நர்சரிக்கு அழைத்துப் போனேன். என் கையை விடவே இல்லை. ஒவ்வொரு தொட்டியாகக் காட்டி இது என்ன, இது என்ன என்று கேட்டாள், சொன்னேன். என்னோடு கூடத்தில் இருந்த பெண்கள் எல்லாரும் வந்து சூழ்ந்துகொண்டார்கள். அதில் ஒருத்தி அவள் முகத்தை நிமிர்த்திப் பார்த்து, "என்ன கண்ணு கழுத்துல இப்படித் தழும்பு?" என்று கேட்டாள்.

"எங்க சித்தி பூச்செடின்னு நெனச்சு வெஷச் செடிய வளத்துட்டாங்க. அவங்களுக்குச் செடியப் பத்தி ஒண்ணுமே தெரியாது" என்றாள் பொடிசு. எல்லாரும் உச்சுக் கொட்டினார்கள். பெற்றவள் மாதிரி வருமா என்றாள் ஒருத்தி. பொடிசு என் முகத்தைப் பார்த்து, "இல்லம்மா?" என்று கேட்டாள்.

"ஆமா, தெரியாது" என்று சொன்னேன்.

அக்கா